கசிவியல்: பழைய புல்லட்டின் கவர் மூடும் முறை குறித்து ஓர் ஆராய்ச்சி

பழைய புல்லட் ஒழுகும் என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. எதனால் ஒழுகுகிறது என்று கேட்டால்தான் மெக்கானிக்குக்கு ஒரு மதம் கிடைக்கும். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரக் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் உருவான அந்த 346 சி.சி. வார்ப்பிரும்பு சிலிண்டர் வண்டி, அடிப்படை மாறாமல் அரை நூற்றாண்டுக்கும் மேல் தயாரானது. அவ்வளவு காலமும் அதன் வயிற்றுக்குக் கீழே விரிக்கப்பட்ட அட்டைகளே இத்துறையின் மூல ஆவணங்கள். அவற்றில் பெரும்பாலானவை பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறிவிட்டது ஆய்வுலகுக்குப் பேரிழப்பு. எஞ்சிய சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ வருவது ஒன்றுதான்: கவர் ஒழுகுவது மூடியவரின் அக்கறைக் குறைவால் அன்று, அக்கறை மிகுதியால்.

அக்கறை மிகுந்தோரில் முதல் பிரிவினர் இறுக்கர். ஒழுகினால் இறுக்கு, பிறகும் ஒழுகினால் பிறகும் இறுக்கு என்பது இவர்களது சூத்திரம். இதை மறுக்கத் தேவையான சோதனைச்சாலையைப் புல்லட்டே வைத்திருக்கிறது. கிளட்ச்சையும் பிரைமரி செயினையும் மூடியிருக்கும் இடப்பக்கப் பெரிய அலுமினியக் கவரை நடுவிலுள்ள ஒற்றை நட்டுதான் பிடித்திருக்கிறது. விளிம்பில் இருப்பது ரப்பர் சீல். இறுக்கமே காப்பு என்றால் நட்டை முறுக்க முறுக்க விளிம்பு அடைபட வேண்டும். நடப்பதோ தலைகீழ்: நடுப்பகுதி உள்வாங்க, கவர் கோணி விளிம்பு தூக்கிக்கொள்கிறது. பல போல்ட் போட்ட கவரிலும் இதுவே சிறிய அளவில் நிகழ்கிறது. போல்ட் துளையைச் சுற்றி அலுமினியம் மேடாகும். இரண்டு போல்ட்டுக்கு இடையே கவர் வில்லாக வளையும். அந்த வளைவுதான் ஆயிலின் வாசல். அலுமினியத்தில் ஏறும் 6 மி.மீ. போல்ட்டுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். 10 செ.மீ. ஸ்பேனரின் முனையில் சுமார் 10 கிலோ தொங்கினால் அது வந்துவிடும். இறுக்கரோ ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி நீளம் கூட்டுபவர். கடைசி முறுக்கில் கை திடீரென்று இலேசாகப் போனால் எஞ்சினில் மரை கழன்றுவிட்டது என்று பொருள். முறுக்கியவரின் மரை குறித்து இக்கட்டுரை கருத்துச் சொல்லாது.

இரண்டாம் பிரிவினர் பூசர். பேக்கிங்கை நம்பாமல் ஷெல்லாக்கையும் சிலிக்கான் பசையையும் நம்புபவர்கள். கவரின் ஓரத்தில் பசை பிதுங்கி நிற்பதைக் கண்டால்தான் இவர்களுக்கு மனம் நிறையும். புகையைக் கண்டு நெருப்பை அறிவது போல, வெளியே பிதுங்கியதைக் கண்டு உள்ளேயும் பிதுங்கியிருக்கும் என்று அறிவதே முறையான அனுமானம். உள்ளே பிதுங்கியது பிய்ந்து ஆயிலோடு பயணம் போகும். புல்லட்டின் டைமிங் கவர் வெறும் மூடியன்று. ஆயில் பம்புகளும் ஃபில்டரும் அதில்தான் இருக்கின்றன, கிராங்க்கின் பெரிய பேரிங்குக்கு ஆயில் போகும் வழியும் அதனூடேதான். அந்த வழியை ஒரு பசைத் துணுக்கு அடைத்தால், வெளியே சொட்டாத வண்டி உள்ளே வறண்டு சாகும். மேலும், சிலிக்கான் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகும். ஈரத்துக்குச் சென்னையில் பஞ்சமில்லை, பொறுமைக்குத்தான் பஞ்சம். ஒரு நாள் ஆற விட வேண்டிய வண்டியைப் பூசர் பத்தாவது நிமிடத்தில் உதைத்துக் கிளப்பிவிடுவார்.

இரு பிரிவினரும் பார்க்க மறந்தது கவரின் முகத்தை. பழைய பேக்கிங்கை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டியதில் விழுந்த ஒரு கீறல் போதும், எந்த இறுக்கத்தையும் அது தோற்கடிக்கும். உண்மையான சமதளம் செய்வது பற்றி ஜோசப் விட்வொர்த் 1840இலேயே கிளாஸ்கோவில் கட்டுரை வாசித்தார். அவர் பெயரோடு வழங்கும் மூன்று தட்டு முறையின் உட்கருத்து இது: இரண்டு தட்டுகளில் ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் கச்சிதமாகப் பொருந்திவிடலாம், மூன்றாவது தட்டு வந்தால்தான் பொய் வெளிப்படும். நமக்கு அந்த மூன்றாம் சாட்சி கனமான கண்ணாடித் துண்டு. உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்த கண்ணாடி என்பதால் அதன் சமதளத்தை நம்பலாம். அதன்மேல் நைசான உப்புத்தாளை விரித்து, கவரை முகம் குப்புற வைத்து மெதுவாகச் சுழற்றித் தேய்த்தால் மேடு பளபளக்கும், பள்ளம் கறுத்தே நிற்கும். கறுப்பு மறைந்ததும் நன்றாகக் கழுவி, போல்ட் துளைகளில் தேங்கிய ஆயிலைத் துடைத்தெடுக்க வேண்டும். அடிமூடிய துளையில் ஆயில் நின்றால் போல்ட் பாதியிலேயே இறுகியதாக நடிக்கும். பிறகு புதுப் பேப்பர் பேக்கிங், இருபுறமும் மெல்லிய கிரீஸ், எதிரெதிர் போல்ட்டாக இரண்டு மூன்று சுற்றில் சமமான இறுக்கம். வேறொன்றும் வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் ஒழுகுகிறதே என்பாரேல், எஞ்சினுக்கு மூச்சு விட வழியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வோம். பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் 346 சி.சி. இடத்தைக் கிராங்க்கேஸிடமிருந்து பறிக்கிறது, 3000 ஆர்.பி.எம்.மில் இது நொடிக்கு 50 தடவை. பிரீதர் குழாய் மடங்கியிருந்தாலோ, அதன் ரப்பர் வால்வு விறைத்துப்போயிருந்தாலோ, அடைபட்ட காற்று இருப்பதிலேயே பலவீனமான இணைப்பைத் தேடி ஆயிலை முன்னே தள்ளிக்கொண்டு வெளியேறும். அப்போது கவரை எத்தனை முறை பிரித்து மூடினாலும் பயன் பேக்கிங் கடைக்காரருக்கே.

இனி, குற்றம் அந்தக் கால இங்கிலாந்து வடிவமைப்பினது என்பார் உளர். 1969இல் வந்த ஹோண்டா சிபி750இன் கிராங்க்கேஸ் கிடைமட்டமாகப் பிரிவது. புல்லட்டினதோ செங்குத்தாகப் பிரிந்து அடிவரை இணைப்பு கொண்டது. கிராங்க்கேஸ் அளவில் இவ்வாதத்தை ஏற்கிறோம். கவருக்கு இது பொருந்தாது. ஹோண்டாவின் பக்கக் கவர்களும் செங்குத்து முகத்தில், பேக்கிங்கை நம்பி நிற்பவையே. இன்னொரு சாரார், ஒழுகாத புல்லட்டில் ஆயிலே இல்லை என்பர். சொட்டு நிரூபிப்பது சற்று முன்புவரை ஆயில் இருந்தது என்பதை மட்டுமே. இப்போது இருக்கிறதா என்று அறியத்தான் டிப்ஸ்டிக் இருக்கிறது.

ஆகவே கவர் மூடத் தேவையானவை கண்ணாடி, உப்புத்தாள், பேக்கிங், குட்டை ஸ்பேனர், பக்கத்தில் ஒரு டீக்கடை. கடைசியாகச் சொன்னது மூடுபவருக்கு அன்று. 'தள்ளு, நான் ஒரு முறுக்கு முறுக்குறேன்' என்று வந்து நிற்கும் பலசாலி நண்பரை வேலை முடியும்வரை உட்கார வைப்பதற்கு.