வாழ்க வடவெல்லைத் திருநகர்

தமிழ்நாட்டின் வடவெல்லை வேங்கடம் என்று பழம்புலவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். பாவம், அவர்கள் காலத்தில் 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இல்லை. இருந்திருந்தால் கொல்கத்தா போகும் அந்த ராஜபாட்டையில் தடாவுக்கு இந்தப் பக்கம் கொலுவீற்றிருக்கும் ஆரம்பாக்கத்தையே எல்லையாகப் பாடி, பரிசிலும் பெற்றிருப்பார்கள். சென்னையில் வாடகை கொடுத்து மாளாமல் வேறு ஊர் பார்க்கும் அன்பர்களே, கும்மிடிப்பூண்டி தொடங்கி ஆரம்பாக்கம் வரை நீண்டு கிடக்கும் இந்தப் புண்ணிய பூமி உங்களுக்காகவே காத்திருக்கிறது.

"சென்னைக்கு மிக அருகில்" என்று விளம்பரப் பலகைகள் முழங்குவதில் மருந்துக்கும் பொய் இல்லை. ஊர் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளி நிற்பது அதன் தன்னடக்கம். 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்த பிறகு, நாம் சென்னைக்குப் போக வேண்டியதே இல்லை, சென்னையே நம் வாசலுக்கு எழுந்தருளும் என்று மனை விற்கும் வள்ளல்கள் அருள்வாக்குச் சொல்கிறார்கள். அது வந்து சேரும் வரை கண்டு களிக்கச் செம்மண் கொட்டிய சாலையும், வெள்ளையடித்த எல்லைக்கற்களும், கம்பி என்னும் பந்தபாசத்தை அறுத்துவிட்ட மின்கம்பங்களும் இருக்கின்றன.

அதுவரை வேலைக்குச் சென்னை போகத்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களை ரயில் பக்குவப்படுத்தும். சென்னையிலிருந்து வரும் மின்சார ரயில்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு திருப்தியடைந்துவிடுகின்றன. சூலூர்ப்பேட்டை வரை செல்லும் சில உத்தம ரயில்களே ஆரம்பாக்கத்தைக் கடாட்சிக்கின்றன. அவையும் பின்னால் விஜயவாடாவுக்கும் ஹவுராவுக்கும் பறக்கும் பெரிய இடத்து ரயில்களுக்குப் பணிவோடு ஒதுங்கி நின்று வழிவிடும். பொன்னேரிப் பக்கம் அப்படி நிற்கையில் கூட்டத்தில் ஒரே காலில் நிற்கும் பேறு உங்களுக்கு வாய்க்கும். முனிவர்கள் இதற்காகக் காடு தேடிப் போனார்கள். உங்களுக்கு மாத சீசன் டிக்கெட் போதும்.

காற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு நாக்கு போதாது. மற்ற ஊர்க் காற்று கண்ணுக்குத் தெரியாத வெறும் மாயை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி வீசும் காற்றையோ கண்ணால் காணலாம், நாக்கால் சுவைக்கலாம், விரலால் தொட்டு மொட்டைமாடியில் பேர் எழுதலாம். இரும்பு உருக்கும் உலைகள் பகலில் அடக்க ஒடுக்கமாக இருந்துவிட்டு, ஊர் உறங்கிய பிறகுதான் புகையைத் திறந்துவிடுகின்றன என்கிறார்கள் பாப்பான்குப்பத்துக்காரர்கள். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத தருமம் அல்லவா அது! சோதிக்க வரும் அதிகாரப் பெருந்தகைகளும் பட்டப்பகலில் வந்து, நீலவானத்தைக் கண்டு, நிறைந்த மனத்தோடு திரும்புகிறார்கள். இரவில் கொடியில் கிடந்த பள்ளிச் சீருடை விடியலில் சாம்பல் நிறம் பூண்டிருக்கும். பிள்ளைகள் மாடியில் காந்தத்தை இழுத்தால் முள்முள்ளாக இரும்புத்தூள் எழுந்து ஒட்டிக்கொள்ளும். எந்தப் பள்ளியிலும் இல்லாத ஆய்வுக்கூடம், கட்டணமும் கிடையாது.

இதில் என்னை உருக்குவது ஆலை அதிபர்களின் தியாகம். இத்தனை சத்தான காற்றைப் படைத்தவர்கள் அதில் ஒரு மூச்சுகூடத் தமக்கென்று வைத்துக்கொள்வதில்லை. முழுவதையும் நமக்கே தாரைவார்த்துவிட்டு, சென்னையில் மரங்கள் அடர்ந்த தெருக்களில் வெறுங்காற்றை உண்டு காலம் தள்ளுகிறார்கள். கர்ணன்கூடக் கவசத்தைத்தான் கொடுத்தான்.

விருந்தோம்பலுக்கு வருவோம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று நெடுந்தொலைவிலிருந்து வரும் தொழிலாளத் தம்பிகளை இவ்வூர் தனிமையில் வாடவிடுவதே இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் வேய்ந்த ஓர் அறையில் பத்துப் பேரைச் சேர்த்து, வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று அன்போடு எண்ணி வாங்குகிறார்கள். இரவு ஷிப்ட் முடிந்து வருபவர், பகல் ஷிப்டுக்கு எழுந்து போனவரின் பாயிலேயே சாய்கிறார். பாய்க்குச் சூடு ஆற நேரமிருப்பதில்லை. 2020 ஊரடங்கில் கூலியும் ரயிலும் நின்றபோது, இந்த நெடுஞ்சாலை அவர்களுக்கு மே மாத வெயிலில் வீடு வரை நடந்துபோகும் சுதந்திரத்தையும் வழங்கியது. போனவர்களை நன்றி மறவாமல் திரும்ப அழைத்தும்கொண்டது, உலைகளுக்கு ஆள் தேவைப்பட்டதால்.

குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். கடலும் பழவேற்காடு ஏரியும் பக்கத்தில் இருப்பதால், ஆழ்துளைக் கிணறு பல இடங்களில் உப்புப் போட்டே தருகிறது. சமையலில் ஒரு செலவு மிச்சம். அந்த மிச்சத்தில் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம். பெட்ரோல் ஆந்திரத்தைவிட இங்கே விலை குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது மட்டும் கலப்படமற்ற உண்மை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஏரிக்கு அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும் நாளில் சதீஷ் தவான் விண்வெளி மையத்தின் பெருமை நம் ஜன்னல் கண்ணாடிவரை வந்து அதிரும். பி.எஸ்.எல்.வி. ஏறக்குறைய 17 நிமிடத்தில் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்துவிடுகிறது. அதே நேரத்தில் பிரசவ வலியோடு ஆரம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஏறிய பெண் கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனை வாசலை எட்டியிருக்க மாட்டாள். அவசரப்படாத வாழ்க்கை என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே தயங்க வேண்டாம், கனவான்களே. ஞாயிறுதோறும் மனை காட்டும் வேன் சென்னையிலிருந்து புறப்படுகிறது. போகவர இலவசம், மதியம் பிரியாணி, பதிவு செய்தால் தங்கக்காசு. குடிக்கத் தண்ணீர் மட்டும் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள். இருட்டியதும் வேன் திரும்பிவிடும். நீங்கள் ராத்திரி தங்கிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.