நாலு டிஸ்க், ஒரு பேராசை

நாலு ஹார்ட் டிஸ்க் வாங்கியவருக்கு முதலில் வருவது வேக ஆசை. பல டிஸ்குகளை ஒன்றாகக் கோத்து ஓட்டும் ரெய்டு (RAID) முறையில் ரெய்டு 0 போட்டுவிடுவார். அது கோப்பைத் துண்டு துண்டாக நறுக்கி நாலு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் எழுதும். கல்யாண வீடியோ எடிட்டிங் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு டிஸ்க் மண்டையைப் போட்டால், மற்ற மூன்றில் மிஞ்சுவது ஒட்டவே முடியாத துண்டுகள். தாலி கட்டும் காட்சிக்கு மாப்பிள்ளையை மறுபடி கூப்பிட முடியுமா?

1988-ல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு பற்றி எழுதிய கட்டுரையில் 1 முதல் 5 வரையிலான வகைகள்தான் உண்டு. 0 கிடையாது. பாதுகாப்பைக் கழற்றிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது பின்னால் வந்தவர்களின் சாமர்த்தியம்.

சரி, ரெய்டு 5? ஒரு டிஸ்க் போனாலும் பாரிட்டி என்ற மீட்புக் கணக்கை வைத்துத் தாங்கும். ஆனால் சின்னத் திருத்தத்துக்கும் பழைய தரவைப் படி, பழைய பாரிட்டியைப் படி, புதியது இரண்டையும் எழுது என்று தாலுகா அலுவலகம் போல நாலு மேசை சுற்றவிடும். போனதற்குப் பதில் புது டிஸ்க் போட்டு மீட்டெடுக்கும்வரை இன்னொன்று போகாமலிருக்க வேண்டும். எல்லாம் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை.

வேகம், பாதுகாப்பு இரண்டும் வேண்டுமென்றால் ரெய்டு 10: ஒவ்வொரு டிஸ்குக்கும் அதே நகலோடு ஒரு ஜோடி டிஸ்க். நாலு 4 டிபி டிஸ்குக்குப் பணம் கட்டியவருக்குக் கையில் 8 டிபி. அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

தவறிப்போய் நீங்கள் அழித்த ஃபோல்டரை ஜோடி டிஸ்கும் அதே நொடியில் சிரத்தையாக அழிக்கும். ஆகவே எந்த எண் போட்டாலும் சரி, தனியாக ஒரு நகல் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள்.