பித்தத்தில் புகுந்த விருந்தாளி

கேள்வி: அப்பச்சிக்குக் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. காமாலை இறங்கப் பித்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது ஆபரேஷனுக்கு முன், "பித்தநீரில் கிருமி இருக்கும்" என்கிறார் டாக்டர். அவ்வளவு கசப்பிலுமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: கசப்புக்கு முகம் சுளிக்கக் கிருமிக்கு நாக்கு வேண்டுமே! நல்ல உடம்பில் பித்தநீர் பெரும்பாலும் சுத்தம்தான். பித்தக்குழாய் குடலில் திறக்கிற இடத்தில் ஒரு சுருக்குத் தசை, உங்கள் ஊர்த் தேக்குக் கதவு மாதிரி காவல் காக்கும். ஸ்டென்ட் வந்தால் கதவு எந்நேரமும் திறந்தே கிடக்கும். குடலிலிருந்து ஈ.கோலை, கிளெப்சியெல்லா, என்டரோகாக்கஸ் எல்லாம் அழையாமலே குடியேறிவிடும். கணையத்தின் தலைப்பகுதியை அகற்றும் விப்பிள் ஆபரேஷனில் பித்தக்குழாயை வெட்டும்போது அந்த நீர் வயிற்றுக்குள் சிந்தினால், சீழ் பிடிக்கலாம்.

2010-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், ஸ்டென்ட் வைத்துக் காத்திருந்தவர்களில் 74 சதவீதம் பேருக்குக் கடும் சிக்கல். நேரே ஆபரேஷனுக்குப் போனவர்களில் 39. அதற்காக ஸ்டென்டைத் திட்ட வேண்டாம். காமாலை முற்றி, காய்ச்சலும் சேர்ந்தால் அதுதான் உயிர்காப்பான். மருந்தும் சும்மா இல்லை: 2023-இல் வந்த அமெரிக்க–கனடா ஆய்வில், ஆபரேஷன் நேரத்தில் செஃபாக்ஸிடின் என்ற ஆன்டிபயாடிக் பெற்றவர்களில் 32.8 சதவீதம் பேருக்கு அறுவைத் தொற்று. பைபராசிலின்-டாசோபாக்டம் பெற்றவர்களில் 19.8 மட்டுமே.

எந்த ஆன்டிபயாடிக் என்று அறுவை டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே அப்பச்சிக்குக் குளிர்காய்ச்சல் வந்தால், கீழாநெல்லி தேடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.