சட்டை போடாத சந்தேக நபர்

போலீஸ் ரியாலிட்டி நிகழ்ச்சி என்பது நடிகர், வசனம், ஒத்திகை, சம்பளம் ஆகிய நான்கும் இல்லாமல் எடுக்கப்படும் குற்றக் கதை. தொலைக்காட்சி முதலாளிகளைக் கவர்ந்தது நான்காவது. துரத்துகிறவருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்துவிடுகிறது. ஓடுகிறவர் சொந்த ஆர்வத்தில் ஓடுகிறார்.

இந்த வகைக்கு மூலவர் அமெரிக்காவின் 'காப்ஸ்'. ஜான் லேங்லி, மால்கம் பார்பர் என்ற இருவர் இந்த யோசனையைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது, நடிகர் இல்லாத நாடகத்தைச் சீண்டுவார் இல்லை. 1988இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். எழுத்தாளரே தேவைப்படாத கதை என்பது திடீரென்று பெரிய தகுதியாகிவிட்டது. அப்போது தவழும் பருவத்தில் இருந்த ஃபாக்ஸ் தொலைக்காட்சி 1989 மார்ச் 11 அன்று நிகழ்ச்சியைத் தொடங்கியது. முதல் களம் ஃபுளோரிடாவின் புரோவர்ட் கவுண்டி. விளக்கம் சொல்லும் பின்னணிக் குரல் கிடையாது. ஜமைக்காவின் இன்னர் சர்க்கிள் குழு பாடிய 'பேட் பாய்ஸ்' என்ற ரெகே பாட்டு உண்டு. கைவிலங்கு மாட்டும் காட்சிக்குக் காலாட்டித் தாளம் போட அமெரிக்கக் குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுத்த பெருமை அதையே சேரும்.

அரை மணி நேரத்தில் மூன்று சம்பவங்கள். முதலில் ஓட்டம், அடுத்து உருக்கம், கடைசியில் கொஞ்சம் யோசனை. இது லேங்லி வகுத்த வரிசை. போலீஸ்காரரின் சீருடை எவ்வளவு கச்சிதமோ அவ்வளவு கச்சிதமாக எதிராளிக்குச் சட்டை இருக்காது. நள்ளிரவு, புழுக்கம், குடி, குடும்பச் சண்டை எல்லாம் கூடுமிடத்தில் சட்டை நிற்காது என்பது இதற்கு எளிய விளக்கம். பிடிபட்டவரின் வாதங்களுக்கும் ஒரு மரபு உண்டு. கார் நண்பருடையது. போட்டிருக்கும் பேன்ட்டும் நண்பருடையது. ஆகவே பேன்ட் பையில் இருக்கும் பொட்டலம் யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பார்ப்பவர் ஏன் பார்க்கிறார்? தெருவில் சண்டை என்றால் வேடிக்கைக்காக மொட்டை மாடிக்கு ஓடுவது எல்லா நாட்டுக்கும் பொதுவான குணம். ஆனால் தெருச் சண்டையை வேடிக்கை பார்ப்பவரைச் சாட்சிக்கு இழுத்துவிடும் ஆபத்து உண்டு. தொலைக்காட்சியில் அது இல்லை. போதாக்குறைக்கு, சட்டை போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருப்பதே ஒரு சாதனை என்ற திருப்தியை வேறெந்த நிகழ்ச்சியும் இவ்வளவு மலிவாகத் தருவதில்லை.

சிக்கல் அனுமதியில் தொடங்குகிறது. ரோந்துக் காரில் ஏறுவதற்குப் படக்குழுவுக்குக் காவல்துறையின் தயவு வேண்டும். அதனால் எடுத்த படத்தை ஒளிபரப்புக்கு முன் அவர்களுக்குப் போட்டுக்காட்டுவது வழக்கமானது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணான் தன் சாட்சியத்தை வேலியிடமே கொடுத்துத் திருத்தி வாங்கிக்கொண்டது. 1990களில் ஆய்வாளர்கள் உட்கார்ந்து எண்ணியபோது, அரசின் புள்ளிவிவரத்தில் இருப்பதைவிட இத்தகைய நிகழ்ச்சிகளில் வன்முறைக் குற்றமும் அதிகம், பிடிபடுவோரும் அதிகம் என்று தெரிந்தது. போலீஸ்காரர்களில் வெள்ளையர்களும், சந்தேக நபர்களில் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் மிகுந்திருந்தார்கள்.

கைதானவரின் அனுமதி வேறு கதை. 'காப்ஸ்' அவர் முகத்தைக் காட்ட அவருடைய கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் முகம் மங்கலாக்கப்படும். பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டுவிடுவதாகத் தயாரிப்பாளர்கள் சொல்லிவந்தார்கள். டிவியில் வரும் ஆசை யாரை விட்டது! விலங்கு மாட்டிய நேரத்தில் யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அது போலீஸ் காகிதமாகத்தான் தெரியும் என்பதும் உண்டு. குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு. அவன் கையெழுத்து மறு ஒளிபரப்பு வரை நிற்கும்.

வீட்டுக்காரரின் அனுமதியை உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் பேச வேண்டியிருந்தது. 1992 ஏப்ரலில் ஒரு விடியற்காலை, மேரிலாந்தின் ராக்வில்லில் மகனைத் தேடி நுழைந்த போலீஸ், தகப்பனை மகன் என்று நினைத்துத் தரையில் அமுக்கியது. அவர் உள்ளாடையோடு இருந்தார். மனைவி இரவு உடையில் இருந்தார். மகன் இல்லவே இல்லை. பத்திரிகை நிருபரும் புகைப்படக்காரரும் மட்டும் போலீஸோடு தவறாமல் வந்திருந்தார்கள். வாரன்ட் போலீசுக்குத்தான், கூட வருகிறவர்களுக்கு இல்லை, இது அரசியல் சாசன மீறல் என்று 1999இல் தீர்ப்பானது. 1992இல் இந்தச் சட்டம் இவ்வளவு தெளிவாக இல்லாததால் போலீசார் நட்டஈடு தர வேண்டாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. நாட்டுக்கே சட்டத்தைத் தெளிவாக்கிக் கொடுத்த தகப்பன் வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

2016இல் 'லைவ் பிடி' வந்தது. பல ஊர் ரோந்துகளை ஒரே இரவில் மாற்றி மாற்றிக் காட்டி, கிரிக்கெட் ஆட்டத்தைப் போல ஸ்டூடியோவில் உட்கார்ந்து அலசினார்கள். 'நேரலை' சில நிமிடம் தாமதமாக வந்தது.

2019 மார்ச்சில் டெக்சாஸில், எதிரே வந்த வாகனத்துக்கு முகப்பு விளக்கைத் தணிக்காத ஒருவரைப் போலீசார் 22 நிமிடம் துரத்திப் பிடித்து, மின்னதிர்ச்சிக் கருவியைப் பலமுறை பிரயோகித்தார்கள். இதய நோய் இருப்பதாகவும் மூச்சுவிட முடியவில்லை என்றும் சொன்ன அவர் இறந்துபோனார். 'லைவ் பிடி' குழு அங்கே படமெடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பதிவு ஒளிபரப்பாகவில்லை. பிறகு அழிக்கப்பட்டும் விட்டது. 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்பவர் போலீஸ் பிடியில் இறந்ததைப் பதிவு செய்தது வழியில் நின்ற ஒரு சிறுமியின் செல்போன். அந்தப் படத்தை யாரும் முன்கூட்டிப் போலீசுக்குப் போட்டுக்காட்டவில்லை. அடுத்த மாதமே 'காப்ஸ்', 'லைவ் பிடி' இரண்டு நிகழ்ச்சிகளும் நிறுத்தப்பட்டன.

நிறுத்தம் வெகுநாள் நீடிக்கவில்லை. 'லைவ் பிடி'யின் சாயலில் 2022இல் 'ஆன் பேட்ரோல்: லைவ்' வந்தது. 'காப்ஸ்' அதற்கு முந்தைய ஆண்டே ஃபாக்ஸ் நேஷன் என்ற கட்டணத் தளத்தில் திரும்பிவிட்டது. அதையொட்டி, போலீசார் உள்ளிட்ட அவசரகாலப் பணியாளர்களுக்கு அந்தத் தளம் ஓராண்டு இலவசச் சந்தா அறிவித்தது. சட்டையில்லாமல் ஓடியவர்கள் பார்க்க விரும்பினால் காசு கட்டித்தான் பார்க்க வேண்டும்.