சார்ஜர் நிலைப்படலம்: குடும்பத்துள் கைப்பேசி உறையும் இடங்கள் பற்றிய திணையியல் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வீட்டில் யார் எவ்வளவு நேரம் கைப்பேசி பார்க்கிறார்கள் என்பதை அவரவர் குணத்தோடு முடிச்சுப் போடுவது நம் வழக்கம். "இவனுக்குக் கட்டுப்பாடே இல்லை", "அவளுக்குப் பொறுப்பு பத்தாது" என்று வீட்டுக்கு வீடு தீர்ப்பு வழங்கப்படுகிறது. இக்கட்டுரை அக்கொள்கையை மறுக்கிறது. ஒரு குடும்பத்தின் கைப்பேசிப் பழக்கத்தைத் தீர்மானிப்பது குணமன்று, சார்ஜர் செருகியிருக்கும் இடமே என்று நிறுவுவது இதன் நோக்கம்.

களமும் முறையும்

களம்: அம்பத்தூரில் ஆய்வாளரின் அக்கா குடியிருக்கும் இரண்டு படுக்கையறை வாடகை வீடு. மாந்தர்: அக்கா, அக்கா வீட்டுக்காரர், அவருடைய தாயார் (இனி ‘பாட்டி’), பிளஸ் ஒன் படிக்கும் மகள், ஐந்தாம் வகுப்பு மகன். கருவிகள்: நான்கு கைப்பேசிகள், ஒரு டேப். முறை: சோபா ஓரத்தில் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு அதன் மேல் விளிம்பு வழியாக உற்றுநோக்கல். நிதிநல்கை எதுவும் பெறப்படவில்லை. ஞாயிறு மதியச் சாப்பாடு மட்டும் ஏற்கப்பட்டது.

வரலாற்றுப் பின்புலம்

முற்காலத்தில் கருவிகளுக்கு நிலையான முகவரி இருந்தது. தொலைபேசி கூடத்து முக்காலியில், பின்னல் துணி போர்த்தி, சில வீடுகளில் டயலில் ஒரு குட்டிப் பூட்டும் தொங்க வீற்றிருந்தது. பேச வேண்டியவர் அங்கே போய் நின்று, வீடே கேட்கப் பேசினார். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. வந்த பெட்டியும் கூடத்தில்தான் உட்கார்ந்தது. நிலையம் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டால் வீடும் விளக்கை அணைத்துப் படுத்தது. எங்கே பார்ப்பது, எப்போது நிறுத்துவது என்ற இரண்டையும் வீட்டார் முடிவு செய்ய வேண்டிய அவசியமே எழவில்லை.

கைப்பேசி இவ்விரண்டையும் கலைத்தது. 2006 இல் அஸா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் அடிப்பக்கமே வராத, தள்ளத் தள்ள நீளும் பக்கத்தை உருவாக்கினார். பிற்பாடு அதற்காக வெளிப்படையாக வருந்தவும் செய்தார். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துக் கண்டதும் இங்கே பொருந்தும்: கொத்தும்போதெல்லாம் தீனி விழுவதைவிட, எப்போது விழும் என்று தெரியாதபடி விழுந்தால் புறா விடாமல் கொத்தும். குடும்ப வாட்ஸ்அப் குழுவை நாம் திறந்து திறந்து பார்ப்பதும் இதே விதிப்படிதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு, எம்பி கணக்குப் பார்த்துச் செலவழித்த கடைசித் தடையும் நீங்கியது.

திணைப் பகுப்பு

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றது தொல்காப்பியம். கைப்பேசிக்கும் அஃதே. களத்தில் கண்ட திணைகள் ஐந்து.

குறிஞ்சி: கட்டிலும் கட்டில் சார்ந்த இடமும். பொழுது யாமம். தலைமாட்டில் சார்ஜர் இருப்பது இதன் கருப்பொருள். தூக்கம் வராததால் பார்க்கிறாரா, பார்ப்பதால் தூக்கம் வரவில்லையா என்பது அக்கா வீட்டுக்காரரிடம் கேட்டும் தெளிவாகவில்லை.

முல்லை: சோபாவும் சோபா சார்ந்த இடமும். பொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல். "இதோ, ஒரு நிமிஷம்" என்று தலைவன் சொல்ல, டீயில் ஆடை படியும்வரை தலைவி காத்திருப்பாள். பாத்திரங்கள் இடம் மாறுவதும் உண்டு.

மருதம்: சாப்பாட்டு மேசை. உரிப்பொருள் ஊடல். வலக்கை சாம்பார் சாதத்தைப் பிசையும், இடக்கைக் கட்டைவிரல் திரையைத் தள்ளும். மிளகாயைக் கடித்த பிறகே தலை நிமிரும். "என்ன பொரியல் சாப்பிட்டே, சொல்லு பார்க்கலாம்" என்று அக்கா கேட்பதே ஊடலின் தொடக்கம் என்க.

நெய்தல்: நீர் சார்ந்த இடம், அதாவது கழிவறை. உரிப்பொருள் இரங்கல். இரங்குவோர் கதவுக்கு வெளியே நிற்பவர்கள்.

பாலை: இதற்குத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் செய்தி. இங்கும் அவ்வாறே. எந்த இடமும் சார்ஜ் ஒரு சதவீதத்துக்கு இறங்கிய கணத்தில் பாலையாகும். உரிப்பொருள் பிரிவு.

இதனாற் பெறப்படுவது யாதெனின், ஐந்து திணையிலும் ஆள் அதே ஆள். ஒழுக்கம் மட்டும் நிலத்துக்கு நிலம் வேறுபடுகிறது.

விதிகளும் அவற்றின் போதாமையும்

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு நெறிமுறை வெளியிட்டது. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. குழந்தைகளுக்கான ஏடு என்பதால் அதில் பாட்டி இடம்பெறவில்லை. ஆனால் களத்தில் விடிகாலை ஐந்து மணிக்கே ரோஜாப்பூப் படத்துடன் ‘இனிய காலை வணக்கம்’ அனுப்பத் தொடங்குபவர் பாட்டிதான்.

வீட்டுச் சட்டங்களின் குறை இதுவே. இயற்றுபவர் ஒருவர், கட்டுப்பட வேண்டியவர் இன்னொருவர். "போனைக் கீழே வை" என்ற ஆணை, பெரும்பாலும் ஆணையிடுபவர் தம் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே பிறப்பிக்கப்படுகிறது. ஐந்தாம் வகுப்பு மகன் இந்த முரணைச் சபையில் எழுப்பியபோது, வாய் நீளுகிறது என்று கூறி அவன் வாதம் தள்ளுபடி செய்யப்பட்டது.

மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்ற ஊர் இதை வேறு வழியில் கையாண்டது. 2022 முதல் அங்கே மாலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சங்கு (சைரன்) ஊதும். அடுத்த ஒன்றரை மணி நேரம் ஊர் முழுவதும் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்து வைக்க வேண்டும். சங்கு எல்லோருக்கும் சேர்த்து ஊதுகிறது என்பதே நாம் கருத வேண்டியது.

தூரம் பற்றிய சான்றும் உண்டு. 2017 இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கைப்பேசியை மேசைமேல் வைத்தவர்களைவிட வேறு அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள் கவனம் வேண்டும் சோதனைகளை நன்றாகச் செய்தனர். பின்னர் பிறர் செய்து பார்த்தபோது இவ்விளைவு எல்லா இடத்திலும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எனவே நாமே செய்து பார்ப்பது தேவையாயிற்று.

பரிசோதனை

படுக்கையறைச் சார்ஜர்கள் அனைத்தும் பிடுங்கப்பட்டன. கூடத்தில், பிரிட்ஜ் மேல் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நிறுவப்பட்டது. இரவு ஒன்பதரைக்குப் பாட்டி உட்பட அனைவர் கருவியும் அங்கே சேர வேண்டும். வேறு விதி எதுவும் இல்லை.

எழுந்த ஆட்சேபங்கள் இரண்டு. "காலையில அலாரம் வேணுமே" என்பது முதலாவது. இது கடைத்தெருவில் வாங்கிய ஒரு டைம்பீஸால் முறியடிக்கப்பட்டது. "அவசரத்துக்கு யாராவது கூப்பிட்டா?" என்பது இரண்டாவது. மணியொலியை முழுதாக வைத்தால் போதும். கூடத்தில் அடித்த மணி கேட்டுத்தான் ஒரு தலைமுறையே எழுந்து ஓடியது என்று விடை தரப்பட்டது.

முதல் இரவு பதினொன்றரைக்குக் கூடத்தில் அரவம். அப்பாவும் மகளும் இருட்டில் பிரிட்ஜ் முன்னே எதிரெதிரே நின்றனர்.

"தண்ணி குடிக்க வந்தேன்ப்பா."

"நானும்தாம்மா."

இருவர் பார்வையும் பிரிட்ஜின் மேல்தட்டில் இருந்தது. வேறு வழியின்றி இருவரும் தண்ணீர் குடித்தனர். குடித்தவர்கள் அப்படியே உட்கார்ந்து, அவளுடைய வேதியியல் டீச்சர் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தனர். இது கருதுகோளில் இல்லாத விளைவு.

விடிகாலையில் இன்னொரு விளைவு. முதலில் எழுந்த பாட்டி தம் கைப்பேசியை எடுக்கப் போனவர், மற்றத் திரைகளில் ஒளிர்ந்தவற்றையும் போகிற போக்கில் வாசித்துவிட்டார். "யாருடி அது, நடுராத்திரியில சாப்டியா சாப்டியான்னு கேக்கறது?" என்ற விசாரணையின் பயனாக, கருவிகளைக் கவிழ்த்தே வைக்க வேண்டும் என்ற திருத்தம் அன்றே ஒருமனதாக நிறைவேறியது.

முடிவுகள்

குறிஞ்சித் திணை வீட்டிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. மருதத்தில் பொரியலின் பெயர் சரியாகச் சொல்லப்படுகிறது. முல்லை குறைந்திருக்கிறது. நெய்தலில் மாற்றம் இல்லை. அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. யாருடைய குணமும் திருந்தியதாகத் தெரியவில்லை. எழுந்து நடந்து போய் எடுக்க வேண்டும் என்றதும் பாதி ஆசை பாயிலேயே படுத்துவிடுகிறது, அவ்வளவே. பிள்ளைகள் சட்டத்தை ஏற்றதற்குக் காரணமும் எளிது: அப்பாவின் கைப்பேசி தங்களுடையதற்குப் பக்கத்திலேயே கிடந்ததை அவர்கள் தினமும் பார்த்தார்கள்.

மேலாய்வுக்குரியவை

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருப்பவை நான்கு பாயிண்ட். வீட்டில் இருப்பவை ஐந்து கருவிகள். எது காத்திருப்பது என்ற வழக்கு அக்காவின் விசாரணையில் உள்ளது. தீர்ப்பு வரும்வரை விருந்தினர் தம் கைப்பேசியைத் தம் வீட்டிலேயே முழுதாகச் சார்ஜ் செய்துகொண்டு வர வேண்டும் என்ற இடைக்கால உத்தரவு ஆய்வாளருக்கு நேரில் வழங்கப்பட்டிருக்கிறது.