பிரம்பு வேண்டாம் என்ற பாதிரியார்

கே: கத்தோலிக்க ஆண்கள் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. சேர்த்தால் மகனை மதம் மாற்றிவிடுவார்களோ என்று மாமியார் பயப்படுகிறார். — ஒரு தாய், காட்டாங்கொளத்தூர்

ப: அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவை மாமியாருக்குச் சொல்லுங்கள். அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மதபோதனையில் உட்கார வைக்க முடியாது. அதனால்தான் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. நீங்கள் வசிக்கும் பகுதியையே பாருங்கள். பக்கத்து மறைமலை நகருக்குப் பெயர் தந்த மறைமலையடிகள் சைவத்தில் ஊறியவர். அவர் 1898 முதல் 1911 வரை தமிழ் கற்பித்தது சென்னைக் கிறித்துவக் கல்லூரியில். சைவம் குறைந்ததா என்ன?

கே: டான் போஸ்கோ பள்ளிகள் ஏன் பையன்களையே தேடிப் போயின? — ஒரு பட்டதாரி, சிங்கப்பெருமாள் கோவில்

ப: டான் போஸ்கோ என்ற பாதிரியாரின் கண்ணில் முதலில் பட்டவர்கள் அவர்கள்தான். 1840களின் இத்தாலிய நகரம் டூரின். கிராமத்தை விட்டு வந்த பையன்கள் கொத்தனாருக்குக் கல் சுமந்தார்கள், புகைக்கூண்டு துடைத்தார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். சிறையில் அவர்களைப் போய்ப் பார்த்த இளம் குருவானவருக்கு ஒரே கேள்வி: வெளியில் இவனுக்கென்று ஒருவர் இருந்திருந்தால் இவன் இங்கே வந்திருப்பானா?

1841 டிசம்பர் 8. பூசைக்கு உதவத் தெரியாது என்று சொன்ன பர்த்தொலொமேயோ கரெல்லி என்ற அநாதைப் பையனைக் கோயில் பணியாள் அடித்து விரட்டினார். டான் போஸ்கோ, “அவன் என் நண்பன், கூப்பிடுங்கள்” என்கிற பொருளில் சொல்லித் திரும்ப அழைத்தார். அவர் நிறுவிய சலேசிய சபையார் தங்கள் பணியின் தொடக்கமாகக் கொண்டாடும் நாள் அதுதான். அடி வாங்கிய ஒரு பையனைத் திரும்பக் கூப்பிட்டதில் பிறந்த கல்விமுறை என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை. பெண் குழந்தைகளுக்காக 1872இல் மரிய மசரெல்லோவோடு சேர்ந்து சகோதரிகள் சபையையும் தொடங்கினார்.

கே: பிரம்பு இல்லாமல் பையன் உருப்படுவானா சார்? — ஓய்வுபெற்ற ஆசிரியர், செங்கல்பட்டு

ப: உருப்படுவான் ஐயா. பிரம்பைக் கண்டால் அடங்குகிறவன் அது இல்லாத இடத்தில் ஆடுவான். 1877இல் டான் போஸ்கோ எழுதிய சிறு கட்டுரையின் சாரம், தவறு நடந்த பின் தண்டிப்பதை விட, நடக்காதபடி கூடவே இருப்பது மேல் என்பது. அதற்கு அவர் நம்பியவை மூன்று: பகுத்தறிவு, சமயம், அன்பு. காரணம் சொல்லிப் புரியவை, கடவுள் பார்க்கிறார் என்ற நம்பிக்கை கொடு, நேசிப்பதை அவன் உணரும்படி நேசி. கடைசியில் சொன்னதுதான் கடினம். அதற்கு ஆசிரியர் மைதானத்தில் இறங்க வேண்டும், பந்து உதைக்க வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் அடிக்கத் தடை விதித்துவிட்டது.

கே: புனிதராக எத்தனை வயது ஆக வேண்டும்? — எட்டாம் வகுப்பு மாணவன், மறைமலை நகர்

ப: பதினான்கு போதும், தம்பி. டான் போஸ்கோவின் மாணவன் தோமினிக் சாவியோ 15 வயது நிறையும் முன்பே, 1857இல் இறந்தான். 1954இல் புனிதர் பட்டம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தவம் செய்யப் போனவனிடம் டான் போஸ்கோ சொன்னது, சந்தோஷமாக இரு, உன் வேலையைச் சரியாகச் செய், விளையாட்டை விடாதே. நீயும் போய் விளையாடு!

கே: தமிழ்நாட்டுக்குச் சலேசியர்கள் எப்போது வந்தார்கள்? — ஒரு வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

ப: 1906இல் தஞ்சாவூருக்கு. சலேசியர்கள் இந்தியாவில் முதலில் கால் ஊன்றிய இடமே அதுதான். பெரிய கல்லூரி கட்ட வரவில்லை, ஆதரவற்ற பையன்களின் இல்லத்தை ஏற்று நடத்தத்தான் வந்தார்கள்.

கே: மகன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸ் சேர்கிறான். அந்தக் காலத்துப் பாதிரியார் கதையால் அவனுக்கு என்ன பயன்? — ஒரு தந்தை, படப்பை

ப: நிறையப் பயன். 1852 பிப்ரவரியில் டூரினில் ஒரு தச்சருக்கும் அவரிடம் தொழில் கற்க வந்த பையனுக்கும் எழுத்தில் ஒப்பந்தம் போட வைத்தார் டான் போஸ்கோ. அவரும் அதில் கையெழுத்துப் போட்டார். அதில் இருந்தவை: தொழிலைத் தவிர வேறு வேலை வாங்கக்கூடாது. திருத்த வேண்டுமானால் வாயால் சொல்லித் திருத்த வேண்டும், கை ஓங்கக்கூடாது. ஞாயிறும் பண்டிகையும் விடுமுறை, ஆண்டுக்கு 15 நாள் லீவு. கூலி படிப்படியாக உயர வேண்டும். கையெழுத்தோடு கடமை முடிந்தது என்று விடாமல், வேலை நாட்களில் பட்டறைக்கே போய்ப் பையன்களைப் பார்த்தார். செபமாலை பிடித்த கை பேனா பிடித்தபோது அதுவும் அவருக்கு வழிபாடாகவே இருந்தது என்பேன்.

நம் நாட்டில் அப்ரண்டிஸ் சட்டம் 1961 முதல் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம். பையன் 18 வயதுக்குக் கீழே என்றால் கையெழுத்துப் போட வேண்டியவர் நீங்கள். எனவே படித்துவிட்டுப் போடுங்கள். நகல் கேட்டு வாங்குங்கள். எந்தத் தொழில், எத்தனை மாதம், மாதம் எவ்வளவு உதவித்தொகை என்ற மூன்றையும் விரல் வைத்துப் பாருங்கள். சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒருநாள் அவன் தங்கும் அறைக்குப் போய், என்ன வேலை கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அவன் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியரையும் முடிந்தால் கூட்டிப் போங்கள்.