சரியாயிடும் மாமா

எந்தக் கல்யாண மண்டபத்திலும் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் இவரைச் சந்திக்கலாம். பத்திரிகையில் போட்டிருக்கும் பெயர் வேறு. சொந்தக்காரர்களுக்கு அவர் 'சரியாயிடும் மாமா'.

ஆட்டிசம் உள்ள பையனோடு ஓர் அம்மா பந்தியில் உட்கார்ந்துவிட்டால் போதும், எதிர் வரிசையில் இடம் பிடித்திருந்த மாமா அதை உதறிவிட்டுப் பக்கத்து இலைக்கு வந்துவிடுவார்.

"பேச்சு வரலையா? எங்க ஒண்ணுவிட்ட அத்தான் ஆறு வயசு வரைக்கும் வாயே தெறக்கல. இப்ப ஹைகோர்ட்ல வக்கீல். நிறுத்த முடியல!"

இந்த அத்தானின் உத்தியோகம் மண்டபத்துக்கு மண்டபம் மாறும். போன வைகாசியில் கலெக்டராக இருந்தார்.

அடுத்து வைத்தியம். வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவணும். சீர்காழி பக்கத்தில் திருக்கோலக்கா போய் ஓசை கொடுத்த நாயகியிடம் வேண்டிக்கணும். (கோயிலுக்குப் போவதில் ஒரு தப்பும் இல்லை. ஸ்பீச் தெரபியை நிறுத்திவிட்டுப் போகச் சொல்வதுதான் வம்பு.) எதற்கும் மசியாவிட்டால் இருக்கவே இருக்கிறது கைகண்ட மருந்து: "காலாகாலத்துல ஒரு கல்யாணத்தைப் பண்ணி வை, எல்லாம் சரியாயிடும்." பையனுக்கு வயது ஏழு.

காரணமும் அவருக்குத் தெரியும். "நீ வேலைக்குப் போற. அவன் கையில செல்லைக் குடுத்துட்ட." மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் 11 குழந்தைகளைப் பார்த்து ஆட்டிசம் பற்றி எழுதினாரே, அந்த வீடுகளில் எந்த யூடியூப் ஓடியது என்று மாமாவிடம் யார் கேட்பது? அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அவர் கண்டுபிடித்ததும் அல்ல. பாசமில்லாத 'ஐஸ்பெட்டி அம்மா'தான் காரணம் என்று அமெரிக்காவில் படித்த டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெர்னார்டு ரிம்லாண்டு என்ற உளவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா, 1964-இல் புத்தகம் எழுதி அதை அடித்து நொறுக்கினார். தடுப்பூசிமேல் பழிபோட்ட 1998-ஆம் வருடக் கட்டுரையை 'லான்செட்' மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. மாமாவின் வாட்ஸ்அப் குழுவுக்கு இரண்டு தகவலும் இன்னும் வந்து சேரவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை இயலாமைகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. மாமாவிடம் ஒரே வகை: 'அந்த மாதிரி குழந்தை'.

"இவங்களுக்கு ஏதோ ஒரு அபாரத் திறமை இருக்குமாமே, படத்துல காட்டுனான். தம்பி, 2031 தீபாவளி என்ன கிழமை?"

தம்பி அப்பளத்தை நாலாக உடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

"பாவம், நாம பேசறது ஒண்ணும் புரியாது" என்றார் மாமா, அவன் காதுக்கு ஒரு முழ தூரத்தில். தம்பி தன் ஜாங்கிரியை இலையின் மறுகோடிக்கு நகர்த்தினான்.

அப்போதுதான் அவன் மடியிலிருந்த டேப்லெட் மாமா கண்ணில் பட்டது. படத்தைத் தொட்டால் அது பேசும். "இதைத் தட்டிப் பழகினா நாக்கு சோம்பேறியாயிடும்மா!" என்றார். அது பேச்சைக் கெடுப்பதில்லை, பல பிள்ளைகளுக்குப் பேச்சுக்கே துணையாகிறது என்று அம்மா தொடங்குவதற்குள் தம்பி ஒரு படத்தைத் தொட்டுவிட்டான்.

"போதும்" என்றது டேப்லெட்.

ரசவாளியோடு வந்தவர் தன்னைத்தான் சொன்னான் என்று அடுத்த இலைக்குப் போய்விட்டார். மாமா முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தியா? பத்து நிமிஷம்தான் பக்கத்துல உக்காந்தேன், பேச ஆரம்பிச்சுட்டான்!"